காதிஸில் அண்ணனைக் கூப்பிடாமல் விட்ட பகல்

1

கப்பல் பயணத்துப் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நாமக்கல்லில் இருக்கும் என் பெரியம்மா மகள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய மரத்தடியில் நானும் என் அண்ணனும் உட்கார்ந்திருக்கிற படம். அண்ணன் ஏன் தூங்கி எழுந்தவர் மாதிரி இருக்கிறார், நீ ஏன் அழுதவள் மாதிரி இருக்கிறாய் என்று கேட்டிருந்தாள். அவர் தூங்கித்தான் எழுந்திருந்தார். நான் அழுதுதான் இருந்தேன். கட்டைவிரலால் தட்டி விளக்குகிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன், அவளும் படித்துக்கொள்ளட்டும்.

நானும் என் கணவரும் இங்கிலாந்தில் டெர்பி என்ற ஊரில் இருக்கிறோம். ஒரு வாரம் பச்சைக் குப்பைத்தொட்டி, மறுவாரம் கறுப்புக் குப்பைத்தொட்டி என்று மாற்றி மாற்றி வாசலுக்கு உருட்டியதிலேயே முப்பது வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் பேருந்தில் இருந்து இறங்கும்போது ஓட்டுநரிடம் வாய் தவறி "வாரனுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அவரும் ஏதோ வாழ்த்து என்று நினைத்துத் தலையாட்டுவார்.

எங்கள் ஒரே மகள் யாழினி. லண்டனில் வேலை. அவள் சின்ன வயதில் தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில் இருந்தது. நீச்சல் வகுப்பும் சனிக்கிழமை காலையில் இருந்தது. நீச்சல் ஜெயித்தது. பள்ளியில் இரண்டாம் மொழியாக ஸ்பானிஷ் எடுத்தாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் பேசுவாள். இதை நான் படித்துக் காட்டினால்தான் அவளுக்குத் தெரியும், அதனால் தைரியமாக எழுதலாம்.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு அவள் கப்பல் டிக்கெட் வாங்கித் தந்தாள். சவுதாம்ப்டனில் ஏறி ஸ்பெயின் வரை போய்த் திரும்புகிற பயணம். தானும் வருவதாகச் சொன்னாள். அண்ணனும் வந்தால்தான் நான் வருவேன் என்றேன். கல்யாண நாளுக்கு யாராவது அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று என் கணவர் கேட்டார். கல்யாணம் பண்ணி வைத்தவரே அவர்தானே என்று வாயை அடைத்துவிட்டேன்.

உண்மையான காரணம் வேறு. அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். பக்கத்திலேயே மகனும் மருமகளும் இருந்தாலும், தொலைபேசியில் அவர் குரல் ஆளில்லாத வீட்டில் இருந்து வருவது மாதிரியே இருந்தது. மூன்று வாரம் என்று வருகிறவரை எப்படியாவது பேசி மூன்று மாதம் இருக்க வைத்துவிட வேண்டும். விசா அதற்கு இடம் கொடுத்தது. டெர்பி வீட்டில் இதைக் கேட்டால் சட்டென்று மறுத்துவிடுவார், கடல் காற்றில் மனசு இளகி இருக்கும்போது கேட்கலாம் என்பது என் கணக்கு. எனக்கு எப்போதுமே இந்த மாதிரி கணக்குகள் நிறைய.

2

அண்ணனுக்கு இங்கிலாந்து வர ஒரு விசா, கப்பல் ஸ்பெயினில் நிற்பதால் அதற்குத் தனியாக இன்னொரு விசா. ஸ்பெயினில் என்ன வேலை என்று கேட்டதற்கு, ஒரு பகல் இறங்கி ஏறுவது என்று எழுதினோம். ஒரு பகலுக்காகவா என்று விசா அலுவலகத்தில் இருந்த பெண் கேட்டாராம். எங்கள் தங்கச்சி கூப்பிட்டால் அரைப் பகலுக்கும் போவேன் என்று அண்ணன் சொன்னாராம். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்தான் எப்போதும் போல இடறியது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். அப்பா பெயரான நாச்சிமுத்து அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் கப்பலில் அண்ணன் ராமசாமி இல்லை, மிஸ்டர் நாச்சிமுத்து. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் முதல் நாள் காலை அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்ததும், அண்ணன் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அப்பா நிற்கிறாரா என்று பார்த்தது மாதிரி இருந்தது. இரண்டாம் நாளில் பழகிவிட்டது.

"அப்பா கப்பல்ல போவாத கொறைய நான் தீத்து வெக்கறேன்னு வெச்சுக்க" என்றார்.

அப்பா லாரி ஓட்டினார். அவருக்குப் பிறகு அண்ணனும் பல வருஷம் லாரிதான், அப்புறம்தான் கோழி. அதனால் அண்ணனுக்கு நகர்கிற எதுவும் வண்டிதான். கப்பலையும் வண்டி என்றார். வண்டி எத்தனை மணிக்கு எடுப்பாங்க, வண்டியில தண்ணி எங்க புடிப்பாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலைச் சாப்பாட்டில் முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவைப் பார்த்து, தீவனம் பரவாயில்லை என்று நற்சான்று கொடுத்துவிட்டுத்தான் வாயில் போட்டார். யாழினி அவருக்கென்று வாங்கிய ஷூவைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, செருப்போடும் தோளில் துண்டோடும் கப்பல் முழுக்கச் சுற்றினார்.

ஒவ்வொரு நாளும் அவரிடம் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும்.

3

காதிஸ் பழைய துறைமுக நகரம். மூவாயிரம் வருஷத்து ஊர் என்றார்கள். மூன்று பக்கமும் கடல். கப்பல் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியது மாதிரி நின்றது. இறங்கி ஒரு சாலையைக் கடந்தால் பனைமரங்கள் வரிசையாக நிற்கிற சதுக்கம், அதற்குப் பிறகு சந்துகள். இரண்டு பக்கமும் உயர்ந்த வீடுகள், கண்ணாடி அடைத்த பால்கனிகள், நடுவில் துணி காய்கிற அளவுக்குத் துண்டு வானம். கிளம்பும்போது கப்பலில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். நான்கரைக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், ஐந்துக்குக் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது.

சந்து முனைகளில் பழைய பீரங்கிக் குழாய்களைச் செங்குத்தாகப் புதைத்திருந்தார்கள். வண்டிச் சக்கரம் வீட்டுச் சுவரை உரசாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடாம். அண்ணனுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். நம்ம ஊரில் முக்குக்கு முக்கு கல் நட்டிருப்போம், இவர்கள் பீரங்கியையே நட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கணவர் கையில் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தில் அது இல்லை என்று அவருக்கு வருத்தம்.

தேவாலயத்துக்கு எதிரில், மஞ்சள் கும்மட்டம் தெரிகிற மாதிரி நாற்காலி போட்டிருந்த கடையில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். டெர்பியில் ஒரு வருஷத்துக்குக் கிடைக்கிற வெயிலை அந்த ஊர் ஒரு காலையில் செலவழித்தது. சின்னக் கோப்பையில் காப்பி வந்தது. என் கணவர் புத்தகத்தில் மூழ்கினார். யாழினி கைப்பேசியில் மூழ்கினாள். இதுதான் நேரம், கேட்டுவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சித்த நேரம் இப்படி ஒரு எட்டு நடந்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் ஒரு பத்தடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கப்பல் அட்டை என் கைப்பையில் இருக்கிறது. தொலைத்துவிடுவோம் என்ற பயத்தில் என்னிடமே கொடுத்து வைத்திருந்தார். அது இல்லாமல் துறைமுக வாசலில் விடமாட்டார்கள். கைப்பேசியோ கப்பல் அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. பேசுவதற்குத் தமிழைத் தவிர வேறு மொழியும் கிடையாது. அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

கூப்பிடவில்லை.

4

எங்கள் வீட்டில் கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. இது நிறைய வீடுகளில் உள்ள பழக்கம்தான், ஆனால் லாரி வீடுகளில் கொஞ்சம் கூடுதல். கல்கத்தா லோடு, குஜராத் லோடு என்று அப்பா புறப்படுகிற காலையில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கும். அம்மா சொம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்பார். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது, தூரமா என்றுதான் கேட்க வேண்டும். அப்பா படி இறங்கிவிட்டால் வீடே வாயை மூடிக்கொள்ளும். மறந்துபோன பொருளைக் கொடுக்க வேண்டியிருந்தால்கூட ஓடி, சுற்றிப் போய், அவருக்கு முன்னால் நின்றுதான் கொடுக்க வேண்டும். மீறி யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்ப வேண்டும்.

ஐந்தோ ஆறோ வயதில் ஒருநாள், அப்பா லாரிப் படியில் கால் வைக்கும்போது நான் சும்மா "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் காலை எடுத்தார். திரும்பி வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, என்னை மடியில் ஏற்றிக்கொண்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். இது எனக்கு நல்ல வழியாகத் தெரிந்தது. அடுத்த பயணத்தின்போது வேண்டுமென்றே கூப்பிட்டேன். அப்போதும் வந்தார், உட்கார்ந்தார், குடித்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் தடவை நான் மூச்சை இழுக்கும்போதே அம்மா என் வாயைப் பொத்திவிட்டார். கையில் மாவு புளித்த வாசம். அதோடு என் கூப்பிடுதல் முடிந்தது.

கல்யாணம் முடிந்து நான் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அப்பா இல்லை. கணவர் முன்னமே போய்விட்டார். மாமனார் நாமக்கல்லில் பஸ் ஏறி எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வந்தார், சேலம் போய் அங்கிருந்து ரயிலில் சென்னை. புதுச்சத்திரத்து நிறுத்தத்தில் நான் ஏறினேன். அம்மாவும் அண்ணனும் சாலையோரம் நின்றார்கள். ஒரு குரல் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். பழக்கம் எனக்கும் தெரியும், ஆனாலும் எதிர்பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. போகிறவள் போகட்டும் என்று அவ்வளவு லேசாக விட்டுவிட்டார்களே என்பது என் மனதில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. புது நாட்டில் குளிரும் தனிமையுமாக இருந்த வருஷங்களில் அதை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

5

ஆகவே காதிஸில் நான் செய்தது இதுதான். அண்ணன் நுழைந்த சந்துக்கு இணையாக ஓடிய பக்கத்துச் சந்தில் புகுந்து, வேகமாக நடந்து, அடுத்த குறுக்குச் சந்தில் திரும்பி, அவருக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தேன். முழங்கால் வலியோடு, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு, அறுபதை நெருங்குகிற ஒருத்தி. குறுக்குச் சந்தின் முனையில் வந்து மூச்சு வாங்க நின்றபோது அங்கே அண்ணன் இல்லை. ஒரு பூனை இருந்தது.

அந்தச் சந்து பாதி வழியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நான் கண்டேனா. அடுத்த முனை வரை போனேன், அதற்கடுத்த முனை வரை போனேன். எல்லா முனையிலும் பீரங்கி இருந்தது, அண்ணன் இல்லை. ஒரு போலீஸ்காரரைப் பார்த்ததும் ஓடிப்போய், ஏனுங்க எங்கண்ணனைப் பாத்தீங்களா என்று கேட்டுவிட்டேன். முப்பது வருஷ ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மிகவும் மரியாதையாக எனக்குக் கழிப்பறைக்கு வழி காட்டினார்.

திரும்பி வந்து சொன்னபோது யாழினிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பார்த்துட்டேதானே இருந்தே. ஏன்மா கூப்பிடல?" என்று கேட்டாள்.

சகுனம் என்று சொல்ல வாய் வரவில்லை. பழக்கம் என்று சொன்னேன். பழக்கம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் கணவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உன் அம்மா அப்படித்தான், நீ தேடு என்று அவளிடம் சொன்னார். அவர் நாமக்கல்காரர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அட்டையை வாங்கிக்கொண்டு என் கணவர் துறைமுகத்துக்குப் போனார், நானும் யாழினியும் தேடினோம். துறைமுக அலுவலகத்தில் காணாமல் போனவரின் பெயர், குடும்பப் பெயர், உயரம், என்ன உடை என்று கேட்டு வரிசையாகப் பதிந்துகொண்டார்களாம். தோளில் துண்டு என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவே வெகுநேரம் ஆனதாம். பிறகு அந்த முனையம் முழுக்க ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அவர் அங்கிருந்து யாழினியோடு பேசிக்கொண்டிருந்ததால் கைப்பேசி வழியாக எனக்கும் கேட்டது. மிஸ்டர் நாச்சிமுத்து, மிஸ்டர் நாச்சிமுத்து. எங்கள் வீட்டில் ஒருவரும் பின்னாலிருந்து கூப்பிடாத பெயரை யாரோ ஒரு பெண் ஸ்பெயினில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் மத்தியானமாகி, அந்த ஊர் வழக்கப்படி கடைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை. மூன்றரைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மாளிடம் யாழினி ஸ்பானிஷில் பேசினாள். எனக்குத் துண்டு என்பதற்கு அவள் செய்த கைச்சாடை மட்டும் புரிந்தது. அந்த அம்மாள் முகம் மலர்ந்து கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனதால், கடலில் குளிக்கப் போகிறவர் என்று நினைத்தாராம். நீச்சலுக்குப் போன சனிக்கிழமைகளை அந்த நிமிஷத்தில் நான் மன்னித்தேன், அவள் ஸ்பானிஷ் எடுத்ததையும்.

6

கடற்கரைக்கு எதிரில், பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முன்னால் அந்த மரம் நின்றது. ஆலும் இல்லை, அத்தியும் இல்லை, இரண்டுக்கும் சொந்தக்காரன் மாதிரி ஒரு மரம். வேர்கள் இடுப்பளவுக்குச் சுவராக எழும்பி இருந்தன. நிழலில் ஒரு கல் பெஞ்சு. செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு என் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் அப்படித்தான் தூங்குவார்கள், செருப்பு திருட்டுப் போகாமல் இருக்க. கால் விரலைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். சத்தம் கேட்டுத் துண்டை விலக்கினார்.

"வண்டி இன்னும் கெளம்பலையே அம்மணி. அதுக்குள்ள ஏன் அழுவறே?"

யாழினி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். அம்மா உங்களைக் கூப்பிடவே இல்லை மாமா, வேறு சந்தில் ஓடினாள் என்று தன் தமிழில் சொன்னாள். அண்ணனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முன்னால் வந்து நிற்கப் பார்த்தாயா என்று கேட்டார். தலையாட்டினேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"நான் போனன்னைக்கும் ஒருத்தருங் கூப்பிடலைங்களே அண்ணா. போறவ போவட்டும்னுதானுங்களே உட்டீங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். செருப்பை எடுத்துக் காலில் மாட்டினார்.

"கூப்பிட்டா நீ திரும்பிருவேன்னுதான் கூப்பிடல. பஸ்ஸு போனதும் அம்மா ஊட்டுக்குள்ள போயி ஒக்காந்துக்கிச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. பைக்க எடுத்துக்கிட்டு உன்ற பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்தேன். ஆண்டகளூர் கேட்டையும் தாண்டி, சேலத்துக்குக் கிட்ட மல்லூரு வரைக்கும் வந்தேன். முந்திக்கிட்டுப் போயி முன்னால நின்னிருக்கலாம். நின்னா நீ எறங்கிருவே. எறங்கிட்டீன்னா மறுபடி உன்ன பஸ்ஸேத்தித் தாட்டி உட எனக்கு மனசு வராது. அதான் மல்லூருல திருப்பிக்கிட்டேன்."

அன்று ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் கண்ணாடி வழியாக அந்த பைக் தெரிந்திருக்கும். நான் மாமனார் தோளுக்கு மேலாக நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, என் அண்ணனை நொந்துகொண்டு போயிருக்கிறேன். அவர் அத்தனை நேரமும் என் பின்னால் வந்திருக்கிறார்.

யாழினி எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தாள். எடுத்துவிட்டு மரத்தின் முன்னால் இருந்த பலகையைப் படித்தாள். இந்த மரத்தை இந்தியாவில் இருந்து கொண்டுவந்ததாக இங்கே ஒரு பேச்சு உண்டாம். அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"இருந்தாலும் இருக்கும். உன்ற அம்மாவாட்டவே வந்த எடத்துல ஊனிக்கிச்சு பாரு சாமி" என்று அவளிடம் சொன்னார்.

7

கப்பலுக்கு ஓட வேண்டியிருந்தது. அண்ணன் ஓடவில்லை, வேகமாக நடந்தார். துறைமுக வாசலில் என் கணவர் அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிவந்த முகத்தோடு நின்றார். அண்ணனைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்தவர், வாங்க மச்சான் என்று மட்டும் சொன்னார். கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான். தாமதமாக வருகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே கப்பலின் மேல்தளத்தில் ஒரு கூட்டம் நிற்கும், எங்களைக் கண்டதும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். எனக்கு மானம் போனது. அண்ணன் வரவேற்கிறார்கள் என்று நினைத்து, நடுவில் நின்று, அண்ணாந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கைதட்டல் இரண்டு மடங்கானது.

கப்பல் ஊதிக்கொண்டு நகர்ந்தது. மஞ்சள் கும்மட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. நானும் அண்ணனும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடல் காற்றும் இருந்தது, அவர் மனசும் இளகித்தான் இருந்தது. அண்ணா, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

வரும் மாதம் பண்ணையில் புதுக் கோழிக்குஞ்சு வந்து இறங்குகிறது என்று அவரே பேச்செடுத்தார். மகன் பார்த்துக்கொள்வான், ஆனாலும் குஞ்சு இறங்குகிற அன்று தான் ஷெட்டில் இருக்க வேண்டும், முதல் நாள் சூடும் தண்ணீரும் சரியாக இல்லையென்றால் அவ்வளவுதான் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஆள் இருந்தது. நான் தொலைபேசியில் கேட்ட வெறும் வீடு அதில் இல்லை. நான் கேட்டால் இருந்துவிடுவார். எனக்காக மூன்று மாதம் டெர்பி ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் போக வேண்டும் என்பதற்காக மல்லூரில் வண்டியைத் திருப்பியவரை நான் எந்த முகத்தோடு நிறுத்துவது. வாக்கியத்தை விழுங்கினேன். மனசு வலித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

8

பர்மிங்காம் விமான நிலையத்தில் போன வாரம் அவரை அனுப்பினேன். என் கணவருக்குக் காய்ச்சல், யாழினி லண்டனில். நானும் அவரும் மட்டும். பெட்டியைப் போட்டுவிட்டு, பாதுகாப்புச் சோதனைக்குப் போகிற இடம் வரை கூட நடந்தேன். அதற்கு மேல் பயணிகளுக்கு மட்டும்தான். ஷூ போட்டிருந்தார். யாழினிக்குச் சொல்லிவிடு என்றார். நேரம் நிறைய இருக்கிறது, ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

"சரி அம்மணி. போயிட்டு வாரேன்."

துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். வரிசைக்காகக் கட்டியிருந்த பட்டைகளுக்கு நடுவே ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். அறுபத்தெட்டு வயது முதுகு. இடது முழங்காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார், காதிஸில் நான் அதைக் கவனிக்கவில்லை. பயணச்சீட்டை வாங்கிப் பார்க்கிற பெண்ணுக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள்.

"அண்ணா" என்று கூப்பிட்டேன்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நின்றார். உடனே திரும்பவில்லை. பிறகு திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் கையைக் காட்டி வழி கேட்டுக்கொண்டு, வந்த திருப்பங்கள் வழியாகவே என்னிடம் வந்தார். எதை மறந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அங்கே இருந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"அப்பாவையும் இப்படித்தான் திருப்புவே" என்றார். "தண்ணி வெச்சிருக்கறயா?"

கைப்பையில் பாட்டில் இருந்தது. எதற்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்கி, மூடியைத் திருகி, அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மூடியைப் போட்டு என்னிடம் நீட்டி எழுந்தார். நான் பாட்டிலை வாங்கவில்லை.

"அரைப் பாட்டலு மிச்சமிருக்குதுங்களே அண்ணா. உள்ள கொண்டுபோவ உடமாட்டாங்க. குடிச்சு முடிச்சுட்டுத்தான் போவோணும்."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்க ஆரம்பித்தார்.